புழுவாக இருந்தபோது படித்தது

— உன் கால்ல விழாத கொறைதான் சங்கரி. தப்பு என்னுதுதான். எல்லாம் போச்சு.

— எது போச்சு சித்தப்பா? மண்டபத்துக்கு ஆள் விட்டு வீட்டுக்குக் கூட்டியாந்து இப்படிச் சொன்னா எப்படி? என் பட்டுக்கூடா?

— அதேதான். லேப்ல எவனையும் நம்பாம பெங்களூர்ல இருந்து பொத்திப் பொத்தி எடுத்தாந்தியே, அந்த ரெண்டு தட்டும். கண்ணமங்கலத்துல பத்து வருசம் பட்டுப்புழு வளத்தவன் நான். இன்னா பிரயோசனம்? பொண்ணு கல்யாண அலைச்சல்ல கோட்டை விட்டுட்டேன்.

— சுத்தி வளைக்காதீங்க. அடுப்புல எதுக்கு இவ்ளோ பெரிய அண்டா?

— வெந்நி போட்டேன். பூச்சி உள்ள இருக்கறப்பவே கூட்ட வேக வெச்சாதான நூலு அறுபடாம வரும்? பாவம், ஆராய்ச்சிக்காரி, அவளுக்கு எங்க இதெல்லாம் தெரியப்போவுது, நாமளாவது காப்பாத்திக் குடுப்போம்னு தட்டு மூடியத் தொறந்தேன்…

— ஐயோ! மூணு வருச உழைப்பு சித்தப்பா! வேக வெச்சிட்டீங்களா?

— எங்க வேக வெக்கிறது! ஒண்ணு விடாம கூட்ட ஓட்டை போட்டுகினு வெளிய வந்து தட்டு பூரா நடந்துகினு கெடக்குதுங்க. இனிமே ஒரு மொழம் நூலு தேறாது.

— உயிரோட இருக்குதுங்களா! உங்க வாய்க்குச் சக்கரை போடணும்!

— நூலு போச்சுன்றேன், சக்கரை போடறாளாம். இதுக்குத்தான் டாக்டர் பட்டம் குடுத்தாங்களா?

— எனக்கு நூல் வேணாம், பூச்சிதான் வேணும். ஆனா இருங்க… கல்யாணம் முடிஞ்சு நான் ஊருக்குப் போனப்புறம்தான இதுங்க வெளிய வரணும்?

— பெங்களூர் குளிருக்குப் போட்ட கணக்கு ஆரணி வெயில்ல செல்லுமா? முந்திக்கிச்சிங்க.

— அப்ப பேஜாருதான். நான் இப்பவே பஸ் ஏறணும்.

— இன்னாது? விடிஞ்சா முகூர்த்தம்! அக்கா பக்கத்துல நிக்கலன்னா தாலிக்குத் தலை குனிய மாட்டேன்னு ப்ரியா காலையில இருந்து சொல்லிகினு இருக்கா.

— எனக்கு மட்டும் போக ஆசையா? கேளுங்க. இதுங்க புழுவா இருந்தப்ப ஒரு வாசனையக் காட்டி, கூடவே சுருக்குனு சின்னதா கரண்டு வெச்சேன். போகப் போக அந்த வாசனை வந்தாலே ஓட ஆரம்பிச்சிடுச்சுங்க. அப்புறம் கூடு கட்டிக்கிச்சு. உள்ள புழுவோட ஒடம்பு கரைஞ்சு கூழாயிடும், மூளையும் பாதி கலைஞ்சுதான் புதுசா உருவாகும். அப்ப ஞாபகத்தப் புடிச்சு வெச்சிருந்த புரதம் இன்னா ஆச்சு? பூச்சியானதும் அதே வாசனைக்கு ஓடுச்சுன்னா, ஞாபகம் அழியலன்னு அர்த்தம்.

— அடேங்கப்பா. நல்லவேளை, நான் வேக வெச்சதுல ஒண்ணுகூடப் பூச்சியாவல. ஆயிருந்தா இந்த மூஞ்சிய மறந்திருக்குமா?

— சிரிக்காதீங்க. வாசனை மருந்து லேப்ல இருக்கு. இன்னைக்கே சோதிக்கணும். ஜோடி சேந்துட்டா அதுங்க எதையும் கண்டுக்காது.

— அது மனுசனுக்கும் அப்படித்தான். சரி, உட்டா இன்னா?

— இந்தத் தடவையும் முடிவு வரலன்னா ஆராய்ச்சிய மூடிடுவோம்னு சொல்லிட்டாங்க சித்தப்பா. நான் அழுதுடுவேன்.

— தோ, ப்ரியாவே வரா. நீயே சொல்லிக்க. எனக்குத் தெம்பில்ல.

— அக்கா! உன் பூச்சிங்களுக்கு எம்மேல இன்னா கோவம்?

— ஏன்டி, இன்னா பண்ணுச்சு?

— உன் தட்டு வெச்சிருக்கிற ரூம்ல குந்தி நகத்துக்குப் பாலிஷ் வெச்சிகினு இருந்தேன். பாட்டிலத் தொறந்தேனோ இல்லியோ, சிவப்பு நூல் கட்டின தட்டுல இருக்கிறதுங்க அத்தனையும் ரெக்கைய அடிச்சிகினு அந்தக் கோடிக்கு ஓடி ஒண்டிக்கிச்சிங்க. மூடினா நிக்குது, தொறந்தா ஓடுது. வெள்ளை நூல் கட்டின தட்டு மட்டும் கம்முனு கெடக்குது.

— கைய இப்படிக் கொண்டா… இதேதான்! சித்தப்பா, நான் புழுவுக்குக் காட்டின மருந்து இதுலயும் கலந்திருக்கு! எனக்கு எப்படித் தோணாம போச்சு?

— நீ என்னிக்குக்கா நகத்துக்குப் பாலிஷ் வெச்சிருக்க?

— இரு ப்ரியா. சங்கரி, சிவப்பு நூலுன்னா எதும்மா?

— நான் பழக்கினதுங்க சித்தப்பா. வெள்ளை நூலு பழக்காததுங்க. இவளுக்கு அது தெரியாது. தெரியாதவ கண்ணுல பட்டிருக்கு பாருங்க, அதான் அசல் சாட்சி!

— அப்ப ஞாபகம் இருக்குதுன்ற. பஸ்ஸு?

— பஸ்ஸாவது ஒண்ணாவது! வாடி ப்ரியா, மிச்ச விரலுக்கெல்லாம் அந்தத் தட்டுகிட்ட குந்தி நானே வெச்சு விடறேன், கால் விரலையும் சேத்து!