மாமன் ஜாடை

ஜெனேவியேவ்: ஏங்க, துணிய விடுங்க! கலெக்டர் வந்து தெறக்க வேண்டியது அது.

பிரான்சுவா: ஓரமா எட்டிப் பாத்தா என்ன கொறஞ்சிடும்? ஃப்ளோரான் எனக்கு மச்சான் ஆவறதுக்கு முன்னயே கூட்டாளிடி. எழுபத்தொண்ணு சண்டையில விமானத்தோட காணாமப் போனவனுக்கு இன்னிக்குத்தான் கோவில்பத்துல ஒரு செலை...

ஜெனேவியேவ்: இன்னும் ஒரு மணி நேரந்தானே. வாங்க, காப்பி குடிக்கலாம்.

பிரான்சுவா: தோ... தொப்பி ஜோரா இருக்கு. நெத்தி... மூக்கு... ஜெனே!

ஜெனேவியேவ்: என்னவாம்?

பிரான்சுவா: இந்த மூக்க நான் தெனம் கண்ணாடியில பாக்கறேனே!

ஜெனேவியேவ்: வெயில்ல கண்ணு கூசுது உங்களுக்கு.

பிரான்சுவா: தாடையில குழி வேற! அடியே, இது உங்கண்ணன் இல்ல. நான்டி!

ஜெனேவியேவ்: கத்தாதீங்க... பந்தல்காரன் திரும்பிப் பாக்கறான்.

பிரான்சுவா: காலையில இட்லி தின்னவனுக்கு மத்தியானம் மாலை போடப் போறாங்க, கத்தாம?

ஜெனேவியேவ்: ஐயோ, சிரிப்பு மூட்டாதீங்க... வயித்த வலிக்குது.

பிரான்சுவா: செலை செஞ்சவருகிட்ட போட்டோ குடுத்தது யாரு?

ஜெனேவியேவ்: நான்தான்... பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்ன உங்கம்மா குடுத்து அனுப்பினாங்களே, அந்தப் போட்டோ.

பிரான்சுவா: அடிப்பாவி!

ஜெனேவியேவ்: கண்ணாடி போடல. கைக்கு வந்தத எடுத்துக் குடுத்துட்டேன். நீங்க மட்டும் தெனம் ராத்திரி வாசக் கேட்டப் பூட்ட மறக்கறீங்களே, நான் ஒரு தடவை மறக்கக் கூடாதா?

பிரான்சுவா: நம்ம மவன் ஸ்டெஃபான் வேற பாரிஸ்லேருந்து வந்துட்டிருக்கான். என்னை உரிச்சு வச்சவன். செலை பக்கத்துல அவன் நின்னா ஊரே கண்டுபுடிச்சிடும்!

ஜெனேவியேவ்: என்னத்தக் கண்டுபுடிக்கும்? "அச்சு அசல் தாய்மாமன் ஜாடை"ன்னு சொல்லும்.

பிரான்சுவா: ஐயையோ... ஆமால்ல!

ஜெனேவியேவ்: ஆமாங்க!

பிரான்சுவா: நாப்பது வருசமா எம்மவன் என் ஜாடைன்னு மீசைய முறுக்கிட்டுத் திரிஞ்சேன். அதையும் உங்கண்ணனுக்கு எழுதிக் குடுத்துட்டியே!

ஜெனேவியேவ்: சாஞ்சு சிரிக்காதீங்க, செலை ஆடுது... புடிங்க, புடிங்க!

பிரான்சுவா: என்னை நானே கட்டிப் புடிச்சிட்டு நிக்கறேன் பாரு...

ஜெனேவியேவ்: போதும்... மூச்சு வாங்குது.

பிரான்சுவா: சரி, இப்ப நெசத்தச் சொல்லு. பூவம் பஸ்ஸுலேருந்து எறங்கறது யாருன்னு மாடியில நின்னே சொல்றவ நீ. கண்ணாடி போடலியாம்!

ஜெனேவியேவ்: ...அண்ணன் போட்டோ என் பைபிளுக்குள்ள இருக்கு.

பிரான்சுவா: குடுக்க வேண்டியதுதானே?

ஜெனேவியேவ்: காணோம்னுதானேங்க பட்டாளத்துலேருந்து எழுதியிருந்தாங்க? செத்துட்டான்னு எழுதலியே. எங்கயாவது கைதியா கெடந்து, வயசாயி, ஒரு நாள் அந்த பஸ்ஸுலேருந்து எறங்கினான்னா? அவன் மூஞ்சிக்கு மாலையப் போட்டு வச்சுட்டு நான் என்ன பதில் சொல்லுவேன்?

பிரான்சுவா: எங்கிட்ட ஒரு வார்த்தை...

ஜெனேவியேவ்: எப்படிச் சொல்றது? "போனவன் போயிட்டான், விடு"ன்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றவரு நீங்க. திட்டுவீங்கன்னு பயம்.

பிரான்சுவா: இப்ப மட்டும் திட்ட மாட்டேனா?

ஜெனேவியேவ்: திட்டிடுங்க. செலை வைக்கற சங்கத்துக்காரங்ககிட்டயும் சொல்லிடறேன். நிறுத்தறதுன்னா நிறுத்தட்டும்.

பிரான்சுவா: ஒண்ணும் சொல்ல வேணாம். துணிய இழுத்து மூடு. மொதல்ல மண்ணுல செஞ்சப்பவே செலைக்காரரு என்னைக் கூப்ட்டுக் காட்டினாரு. "உங்களை மாதிரியே இருக்கே சார், போட்டோ மாறிடுச்சா?"ன்னு கேட்டாரு. மாறல, இதேதான்னு சொல்லிட்டு வந்தேன்.

ஜெனேவியேவ்: அப்ப இவ்வளவு நேரம் நடிச்சீங்களா! ஆனா... ஏங்க அப்படிச் சொன்னீங்க?

பிரான்சுவா: அட லூசு... இத்தனை வருசமா ராத்திரி கேட்டப் பூட்டாம விடறது மறதியிலன்னா நெனச்ச?