அம்மா குரல் மட்டும்

எனக்குப் பாட்டுச் சத்தம் ஆகாது, இன்ஸ்பெக்டர் மேடம். நடன விடுதியின் வாசலில் காவலுக்கு நின்றவன் இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் நிற்பேன். "நாங்க போடுற பாட்டைக் கேக்காம இருக்கறதுக்குத்தான் சம்பளமா சித்தப்பா?" என்று ரேடியோ கேலி செய்வாள்.

அங்கே பாட்டுப் போடுகிறவள் அவள்தான். வாய் ஓயாது, அதனால் அக்கா வைத்த பெயர் ரேடியோ. அக்காதான் முதலாளி. திருநங்கை. என்னைவிட வயதில் சின்னவள், ஆனாலும் எனக்கும் அக்காதான். பழைய டயர் கிடங்கை வாங்கி, கீழே ஆட்டக்கூடமும் மேலே அறைகளுமாக மாற்றினாள். கீழே ஆடியவர்கள் கொடுத்ததில் மேலே இருந்தவர்கள் சாப்பிட்டார்கள். ஆணை விரும்பிய ஆண்கள், பெண்ணை விரும்பிய பெண்கள், வீட்டார் துரத்தியவர்கள், அடிக்குப் பயந்து ஓடி வந்தவர்கள். அவர்களுக்காக ஊர்வலம் போவாள், கோர்ட் படி ஏறுவாள், ஆஸ்பத்திரியில் சண்டை போடுவாள். அவளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

சேர்ந்த அன்று அவள் சொன்னது ஒன்றுதான். "வாசல்ல யாரையும் பேர் கேக்காதீங்க. யார் வந்து யாரைத் தேடினாலும் அப்படி ஒருத்தர் இங்க இல்ல. அவ்வளவுதான் உங்க வேலை."

பிள்ளை எங்கே இருக்கிறது என்று பெற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். இதில் தப்பு இருப்பதாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

ரேடியோ ஒரு பெண்ணை விரும்பினாள். அதைச் சொன்னதற்கு அவள் அப்பா முதுகில் சூடு வைத்தார். அந்தக் காயத்தோடுதான் வந்தாள். வந்ததும் தன் பழைய நம்பரைத் தூக்கிப் போட்டுவிட்டாள். ஆனால் மாலையில் கூடத்தைக் கழுவிவிடும் நேரத்தில் எப்போதாவது என் போனைக் கேட்பாள்.

"அம்மா குரல் மட்டும் சித்தப்பா. பேச மாட்டேன்."

அந்தப் பக்கம் ஹலோ சொன்னதும் வைத்துவிடுவாள். போனைத் துடைத்து என் கையில் திருப்பித் தருவாள்.

ஒருநாள் அந்த அம்மா திரும்ப அழைத்தார்.

"நீங்க யாருன்னு தெரியாதுங்க. ஆனா அந்த மூச்சு எம்பொண்ணோடது. அவ சாப்பிடுறாளா?"

சாப்பிடுகிறாள் என்றேன்.

"அது போதும். எங்க இருக்கான்னு எங்கிட்டகூடச் சொல்லாதீங்க. அவர் அடிச்சா நான் உளறிடுவேன். இனிமே கூப்பிட வேணாம்னு சொல்லுங்க."

பெற்ற வயிறு, ஏதோ கலங்கிப்போய்ப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். முடிவு எடுக்க வேண்டியவர் அப்பா. அவர் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து நானே கூப்பிட்டேன். தன்மையாகத்தான் பேசினார். மகராசனாக இருங்கள் என்றார். இடத்தைப் போனில் அனுப்பச் சொன்னார். பல் ஆஸ்பத்திரிக்கு வழி தெரியாமல் நான் அலைந்தபோது, அதெல்லாம் எப்படி என்று ரேடியோ சொல்லிக் கொடுத்திருந்தாள். அவளுக்குப் பொறுமை அதிகம்.

அக்கா கோர்ட்டுக்குப் போயிருந்த பகலில் வரச் சொல்லி, பின்கதவைத் திறந்து வைத்தேன். அப்பாவும் அண்ணனும் வந்தார்கள். ரேடியோ ஒயர்களைத் துடைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்தாள். ஓடி வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"சித்தப்பா, நான் இங்க இல்லன்னு சொல்லுங்க" என்றாள்.

நான் நகர்ந்துகொண்டேன். மேலே போய் அவள் பையை எடுத்து வந்து காரில் வைத்தேன். மாற்றுத்துணி இல்லாமல் போகக் கூடாது அல்லவா.

வீட்டு மாடியிலிருந்து தவறி விழுந்து செத்துப்போனாள் என்று அவர்கள் சொன்னது பொய் என்கிறீர்கள். இருக்கலாம். அந்தக் கையும் என் கையும் ஒன்றல்ல. பிறகு அக்கா என்னிடம் வந்தாள். என் காதிலிருந்த பஞ்சைத் தன் விரலால் எடுத்துக் கீழே போட்டாள், அவ்வளவுதான். நீங்கள் கேட்பதால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: ரேடியோ முதல் ஆள் இல்லை. அவளுக்கு முன்னால் இரண்டு பேரை இப்படி வீடு சேர்த்திருக்கிறேன். நன்றாகத்தான் இருக்க வேண்டும். யாரும் குறை சொல்லி வரவில்லை.

எனக்குப் பிள்ளை உண்டா என்று கேட்டீர்கள். ஒரே மகன். கல்யாணம் வேண்டாம் என்றான், காரணத்தையும் சொன்னான். புத்தி வரட்டும் என்று அறைக்குள் வைத்துப் பூட்டினேன். ஜன்னல் கம்பியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு யாரும் போன் செய்யவில்லை. இந்த மாதிரி ஒரு வாசலுக்கு என்றைக்காவது வருவான் என்றுதான் இந்த வேலைக்கே சேர்ந்தேன்.

வந்தான். போன மழைக்காலத்தில், விளக்குப் போடுகிற நேரம். சாலையைக் கடந்து பாதி தூரம் வந்தவன் என்னைப் பார்த்து நின்றான். நான் கையைத் தூக்கினேன். திரும்பி ஓடிவிட்டான். விளக்கு எனக்குப் பின்னால் எரிந்ததால் முகம் சரியாகத் தெரிந்திருக்காது. அப்பாதான் என்று தெரிந்திருந்தால் நின்றிருப்பான்.