மேசைமேல் வைக்கப்பட்ட தீர்மானம்

எங்கள் டீச்சர் மிஸ் ஆர்டெலியா ஸ்டாக்வெல் அவர்களின் இரங்கல் கூட்டத்தில் நான் பேசியதை ஒரு சொல்லும் மாற்றாமல் உண்மையாக இங்கே எழுதுகிறேன். நடுவே குறுக்கிட்டவர்கள் சொன்னதையும் விடப்போவதில்லை.

தலைமை வகிக்கும் பாதிரியார் ஹாஸ்கெல் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் நம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஏமஸ் ப்ரூயிட் அவர்களே, வாசகர் மன்றத்துப் பெண்மணிகளே, கிரானைட் ஃபோர்க் ஊர்மக்களே, என் வகுப்புத் தோழர்களே, வணக்கம்.

பள்ளி சார்பில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எந்த இரண்டு? நல்லவர், அன்பானவர் என்றா? அதைப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறேன். ‘ஆண்’ என்ற சொல். நம் மாநில அரசியல் சாசனத்தில், யார் வாக்களிக்கலாம் என்று சொல்லும் வரியில் அது உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துவிடலாமா என்று வாக்காளர்களிடம் கேட்பதற்கே சட்டமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அந்தத் தீர்மானத்துக்காகத்தான் டீச்சர் இந்தக் குளிர்காலம் முழுவதும் தலைநகருக்கு ரயிலேறினார். “எடுக்கலாமான்னு கேக்கப்போறதும் ஆம்பளைங்ககிட்டதான். ஆனா கேக்கறதுக்கே பயப்படறாங்களே” என்று வகுப்பில் சிரிப்பார்.

ஜனவரியில் தலைநகரிலிருந்து ஒரு தந்தி வந்தது நினைவிருக்கிறதா? ‘தீர்மானம் மேசைமேல் வைக்கப்பட்டது.’ நாம் என்ன செய்தோம்? தேவாலய மணியை அடித்தோம். திருமதி லிண்ட்குவிஸ்ட் ஆப்பிள் பை சுட்டார். பேண்டு வாத்தியத்தோடு ரயில் நிலையத்துக்கே போனோம். மேசைமேல் வைத்துவிட்டார்கள், இனி எல்லோரும் எடுத்துப் படிப்பார்கள், வாக்களிப்பார்கள் என்று நம்பினோம். யாருக்குத் தெரியும் சட்டமன்றத்தின் பாஷை?

டீச்சர் ரயிலிலிருந்து இறங்கி, பேண்டையும் எங்களையும் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “மேசைமேல வெச்சா படிக்கறதுக்கு இல்ல, வெர்னா. மறக்கறதுக்கு.”

பேண்டு நின்றுவிட்டது. திருமதி லிண்ட்குவிஸ்ட் ஆப்பிள் பைத் தட்டை மூடப் போனார். டீச்சர் விடவில்லை. “சுட்டாச்சு இல்ல, வெட்டுங்க. அழறத நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றார். மறுநாளும் அவர் அழவில்லை. மேசைமேல் வைத்ததைக் கூட்டத்தொடர் முடிவதற்குள் திரும்ப எடுக்கலாம், ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டால் போதும், பிறகு வாக்கெடுப்புதான் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினார். அந்த ஓர் உறுப்பினரைத் தேடித்தான் மறுபடியும் போனார். பனிப்புயலில் ரயில் வழியிலேயே நின்றது. நிமோனியாவோடு திரும்பினார்.

இப்போது மேடையைப் பாருங்கள். மேசையில், டீச்சர் படத்துக்குப் பக்கத்தில் தங்க முத்திரை போட்ட தாள் ஒன்று இருக்கிறது. சட்டமன்றம் நிறைவேற்றிய இரங்கல் தீர்மானம். சற்றுமுன் ப்ரூயிட் ஐயா படித்தார். ஒருவர்கூட எதிர்க்கவில்லையாம்! எல்லோரும் எழுந்து நின்றார்களாம்! டீச்சர் உயிரோடு போய்க் கேட்டபோது அதே ஆட்கள் எங்கே இருந்தார்கள்? அன்று தீர்மானத்தை மேசைமேல் வைக்கச் சொன்னவர் யார்? ப்ரூயிட் ஐயா, நீங்கள்தானே?

இந்த இடத்தில் திரு. ப்ரூயிட் எழுந்தார். “ஏம்மா, இது துக்கக் கூட்டம். அரசியலுக்கு வேற எடம் பாரு” என்றார்.

“துக்கமே அதனாலதான ஐயா? பேசட்டும், உக்காருங்க” என்றார் திருமதி லிண்ட்குவிஸ்ட். திரு. ப்ரூயிட் உட்கார்ந்தார். நான் தொடர்ந்தேன்.

நான் உங்களைத் திட்ட வரவில்லை, ஐயா. இந்தத் தாளையும் மேசைமேல்தான் வைத்திருக்கிறீர்கள். இதிலே டீச்சரை ‘மாநிலத்தின் அருமை மகள்’ என்று எழுதியிருக்கிறது. மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதானே, ஓர் உறுப்பினர் எழுந்து கேட்க வேண்டும் என்று? நாளை மறுநாள் கூட்டத்தொடர் முடிகிறது. நாளைக் காலை ரயிலில் நாங்கள் வருகிறோம். பார்வையாளர் மாடத்தில், டீச்சர் உட்கார்ந்த வரிசையில் உட்காருவோம். இந்த ஆண்டு நடக்காவிட்டால் அடுத்த கூட்டத்தொடருக்கும் வருவோம். வாக்களிக்கும் வயது எனக்கு வரும்வரை வருவோம். வருகிறவர்கள் எழுந்து நில்லுங்கள். மேடையில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

எண்ணுவதற்காகத் தலையை நிமிர்த்தினேன். அதற்குள் அரங்கக் காவலர், நேரமாகிவிட்டது என்று விளக்கு சுவிட்சின் பக்கம் போய்விட்டார். யார் எழுந்தார்கள் என்று எழுத முடியவில்லை. நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் அரங்கு முழுவதும் கேட்டது. கடைசியாக என் முதுகுக்குப் பின்னால், மேடையிலும் ஒன்று கேட்டது. ஆனால் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.