காலிக் கூட்டில் குடித்தனம்

– அண்ணி, கடைசியாச் சொல்றேன். அந்தக் கூட்டை விட்டு இறங்கி வாங்க.

– கடைசியாங்கறது இது ஏழாவது தடவை ஆர்வோ. காப்பி ஆறுது, கொஞ்சம் பேசாம இரு.

– எழுபத்தோரு வயசுல பைன் மர உச்சியில காப்பி. ஊரே சிரிக்கும்.

– சிரிக்கட்டும். இங்கேருந்து ரஷ்யா வரைக்கும் தெரியுது. உன் வழுக்கை அதைவிடப் பளிச்சுன்னு தெரியுது.

– மரம் வெட்டுற மெஷின் கிளம்பிடுச்சு அண்ணி. ஏரியில பனிக்கட்டி உடையுது, நாளைக்கே காட்டுப் பாதை சேறாயிடும். இன்னிக்கு விட்டா இலையுதிர் காலம் வரைக்கும் வண்டி உள்ள வராது.

– அதனாலதான் இன்னிக்கு ஏறினேன். சாயங்காலம் வரைக்கும் ரொட்டி இருக்கு.

– மரத்தை வெட்டி விக்க அண்ணனும் கையெழுத்துப் போட்டாச்சு.

– உங்கண்ணன் எதை நீட்டினாலும் போடுவாரு. இப்ப எங்க அவரு?

– சானாவில, அந்த நீராவிக் குளியல் அறையில. உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு.

– அடுப்பு மூட்டியிருக்காரா?

– இல்ல.

– பயம் வந்தா ஆம்பளைக்குக் குளிர் தெரியாது. இந்தா பாரு, மீன் பிடிக்கிற விராலடிப்பான் பறவை குடியிருக்கிற மரத்தைத் தொடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு.

– குடியிருந்தாத்தானே? மூணு வருஷமா இது காலிக் கூடு.

– போன கோடையில அஞ்சு குஞ்சு. பறவைக் கணக்கெடுப்புத் தாள்ல எழுதியிருக்கேன்.

– பாத்தேன். முதல் வருஷம் ரெண்டு, அடுத்து மூணு, அப்புறம் அஞ்சு. எந்த விராலடிப்பான் அஞ்சு குஞ்சு வளத்துச்சு?

– நம்ம ஏரி மீன் அப்படி.

– ஏரியைச் சுத்திப் பதினாலு கூடுன்னு எழுதினீங்க. மத்தவங்க எண்ணினா ஒம்பதுதான்.

– நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப ரெண்டே ரெண்டு. மீதியை உங்க தாத்தா மாதிரி ஆளுங்க சுட்டே தீத்தாங்க. ரெண்டு ஒம்பதாகலியா? ஒம்பது பதினாலாகாதா? நான் கொஞ்சம் முன்கூட்டியே எழுதிட்டேன், அவ்வளவுதான்.

– அப்ப பொய்னு ஒத்துக்கறீங்க.

– காலின்னு எழுதினா மரம் போயிடும். மரம் போனா, வர்ற பறவை எங்க உக்காரும்? உன் தலையிலயா?

– ஒரே ஒரு பறவையைக் கண்ணுல காட்டுங்க. நானே மெஷினைத் திருப்பி அனுப்பறேன்.

– இதோ நான் இருக்கேன். மீன் திங்கிறேன், கத்தறேன், கூட்டுல குடியிருக்கேன். எழுதிக்கோ.

– சரி, இருங்க. ஏணியை எடுத்தாச்சு. பசிச்சாக் கூப்பிடுங்க.

– எடுத்துட்டுப் போ. ஆப்பிரிக்காவிலேருந்து பறந்து வர்ற பறவை ஏணி வச்சா ஏறுது?

– மெஷின் சத்தம் கேக்குதா அண்ணி? வளைவுக்கு வந்துடுச்சு.

– கேக்குது. கூடவே இன்னொண்ணும் கேக்குது. வாயை மூடு.

– இது என்ன புது நடிப்பு?

– மேலே பாரு ஆர்வோ.

– எங்க... அடடா. கால்ல மீன் வச்சிருக்கு அண்ணி.

– ம்.

– எத்தனை பறவை?

– ரெண்டு. சத்தியமா ரெண்டேதான்.

– நீங்க எதுக்குக் கிசுகிசுன்னு பேசறீங்க? ஏன் எந்திரிக்கறீங்க?

– மெஷினை அப்புறமா ஓடிப்போய் நிறுத்து. முதல்ல ஏணியைக் கொண்டாந்து சாத்து. வீட்டுக்காரங்க வந்துட்டாங்க, நான் காலி பண்ணணும்.