மூன்று நிமிடக் குரல்

எனக்குச் சீனி போடாத டீ போதும், சார். சீனி போட்டால் மத்தியானம் கண்ணைச் சொக்கும். வேலை நேரத்தில் தூங்கினவன் என்ற பேரை நான் இதுவரை வாங்கியதில்லை.

முதலிலிருந்தே சொல்கிறேன். உள்ளாட்சித் தேர்தலுக்காக அருப்புக்கோட்டையில் ஓர் அறை திறந்தார்கள். செயற்கை நுண்ணறிவில் செய்த போலிக் குரல், போலி வீடியோ பரவினால் கண்டுபிடித்துச் சொல்கிற அறை. ஒப்பந்தக் கம்பெனி ஒன்று என்னை அதில் உட்காரவைத்தது. எனக்கு மேலே சுமதி மேடம். அவர் கையெழுத்தில்லாமல் 'இது போலி' என்று பொதுவில் ஒரு வரிகூடப் போடக் கூடாது; தனியாகக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லலாம். நல்ல விதிகள்தான். அவற்றில் ஒன்றையும் நான் மீறியதில்லை.

பதினோரு நாளாக ஒரு போலிகூட வரவில்லை. வேட்டி கொடுத்தார்கள், பிரியாணி போட்டார்கள் என்றுதான் புகார். இப்படியே போனால் அறையை மூடிவிடுவார்கள். அப்புறம் நிஜமாகவே போலி வரும்போது சனங்கள் ஏமாந்துதானே போவார்கள்? பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிறோம், லேசாகக் காய்ச்சல் வரத்தான் செய்கிறது. அதுபோல ஒரு சின்னப் போலியை நானே விட்டு, ஒரு மணி நேரத்தில் நானே பிடித்துக் காட்டலாம் என்று நினைத்தேன்.

ஜெயக்கொடியை நான் தேடிப் போகவில்லை. அவராகத்தான் போன் செய்தார். திருச்சுழிப் பக்கம் ஓர் ஊரில் தலைவர் பதவிக்கு நின்றவர். கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேலை வெட்டி அடுக்கி, மண் மூடி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்கும் வேலை. அந்த ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் கஞ்சி. தன் போஸ்டரைக் கிழிக்கிறார்கள் என்று புகார் சொன்னார். அந்தப் பக்கம் யாரும் மனு எழுதுவதில்லை, எதுவானாலும் வாய்ஸ்தான்.

"நமக்கு எழுத வராது தம்பி. வாய்ஸுல போட்டா ஏத்துக்கிருவீகளா?"

"தாராளமா போடுங்கக்கா. மூணு நிமிசம், நிறுத்தாம தெளிவாப் பேசுங்க."

பேசி அனுப்பினார். நடுவில் இரண்டு தடவை சிரித்தார். அவர் எங்கெங்கே மூச்சு வாங்குவார் என்பது எனக்கு இப்போதும் மனப்பாடம். குரல் செய்கிற மென்பொருளுக்கு அந்த மூன்று நிமிடம் தாராளம்.

நான் செய்தது இருபது நொடிக் குரல். "கம்மாக் கருவேலைய வெளியூர்க் கம்பெனிக்குப் பேசி முடிச்சாச்சு. இனிமே மிசினு வெட்டும். மூட்டக்காரங்க வேற பொழப்பப் பாத்துக்கிரட்டும்." கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. காலை பத்தரைக்கு அந்த ஊர் வாட்ஸப் குழுவில் விட்டேன். மறுப்பை முந்தின நாளே டைப் செய்து வைத்திருந்தேன். கண்டுபிடிக்கும் மென்பொருளிலும் அந்தக் குரலைப் போலி என்று பதிந்து வைத்திருந்தேன், தப்பிவிடக் கூடாதே என்று.

கூட்டத்துக்காக விருதுநகர் போன மேடம் திரும்பி வரவில்லை. கையெழுத்தில்லாமல் நான் எப்படிப் போடுவது?

ஜெயக்கொடி மட்டும் கேட்டார். "நான் அப்படிப் பேசவே இல்லையே தம்பி. எம்புள்ளைக மேல சத்தியம்." மிசின் குரல்தான் அக்கா, சாயங்காலம் மறுப்பு வரும் என்றேன். அதை அவரே குழுவில் சொன்னார். தன் குரலில் மிசின் பேசும் என்று ஊருக்கு முதலில் சொன்னவர் அவர்தான். பாதிப் பேர் நம்பவில்லை.

இரண்டரைக்கு அவருடைய அண்ணன் தாவீதுராஜ் பந்தல்குடியிலிருந்து, தனக்கு வந்த ஒரு குரலை அனுப்பினார். லாரி ஓட்டுகிறவர். அவருக்கு வந்த அந்தக் குரலில் இருமல் அதிகம். "அண்ணே, கரிக்கொட்டகையில வச்சு வெளிய பூட்டிட்டாங்க. தீ வச்சிட்டாங்கண்ணே. யாராச்சும் வாங்க."

அதற்குக் கீழே அவருடைய வாய்ஸ். "தம்பி, காலையில வந்தது மிசினுன்னு சொன்னீகளாம். இதுவும் மிசினா, இல்ல எந்தங்கச்சிதானா? போனை எடுக்க மாட்டேங்குறா. லோடை இங்கனயே போட்டுட்டு ஓடவா?"

விதிப்படி மென்பொருளில் போட்டேன். போலி, தொண்ணூற்றொரு சதவீதம் என்றது. ஜெயக்கொடி குரல் எது வந்தாலும் அப்படித்தான் சொல்லும், பதிந்தவன் நான்தானே. ஆனாலும் இரண்டு முறை காதில் வைத்துக் கேட்டேன். அதே இடங்களில் மூச்சு வாங்கியது. அது ஜெயக்கொடிதான்.

நிஜம் என்று சொல்லியிருந்தால் மென்பொருள் தப்பு என்றாகிவிடும். ஏன் தப்பாகச் சொன்னது என்று தோண்டுவார்கள். அப்புறம் அந்த அறையை யார் நம்புவார்கள்? பதில் போட்டேன்: "மிசின்தான். யாருக்கும் அனுப்ப வேண்டாம்."

"நல்லவேள தம்பி" என்றார் தாவீதுராஜ். என் பதிலை ஊர்க் குழுவிலும் போட்டார். மூட்டம் போடுகிற இடத்தில் புகை எழும்பினால் அந்த ஊரில் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

எனக்கும் வருத்தம் இருக்கிறது, சார். அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார்.

ஐந்தேகாலுக்கு மேடம் வந்து கையெழுத்துப் போட்டார். ஜெயக்கொடி அப்படிப் பேசவில்லை, அது போலி என்று உடனே வெளியிட்டேன். கையெழுத்து விழுந்த பிறகு ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. மறக்காமல் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.