அவர்கள் கப்பல் ஏறிய ஐந்தாம் நாள்

நடக்கிறேன். லோறன்ஸ் சந்தியிலிருந்து வோடன் வீதி வழியாக வடக்கே. நேரம் பிற்பகல் இரண்டு இருபது. நடைபாதையில் உப்புப் போடவில்லை. பின்னால் தவம் அண்ணை கத்துகிறார்.

"டேய், ஐஸ்! ஐஸ்! ரோட்டில இறங்காதை!"

இறங்குகிறேன். விழவில்லை. பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போகிறது. சப்பாத்துக்குள் தண்ணீர். கால்விரல்கள் இருப்பது தெரியவில்லை.

வெக்ஸ்போர்ட்டில் ஒரு பிளாசாவின் பின்பக்க அறை. அங்கிருந்துதான் எழுந்து வந்தேன். வெளிநாட்டுப் படைகள் தாங்கள் பிடித்து வைத்திருக்கும் நாடுகளை விட்டுப் போக வேண்டும் என்று வருகிற மாதம் ஓர் ஊர்வலம். பல இனத்தவர் சேர்ந்து செய்கிறார்கள். எங்கள் பங்குக்கு ஒரு பதாகை; தவம் அண்ணைதான் பொறுப்பு. எங்கள் மண்ணில் அமைதி காக்க என்று வந்த வெளிநாட்டு ஆமி, இருந்த காலத்தில் கொன்றவர்களின் பெயர்கள் அதில் வரும். என் அண்ணனின் பெயரும் இருந்தது. சின்னத்தம்பி நேசராசா. வயது இருபத்தாறு. திருகோணமலை.

பெயரைக் கொடுத்தவன் நான்தான். முன்பு ரெக்ஸ்டேலில் தவம் அண்ணையோடு ஒரே அறையில் இருந்தேன். அப்போது சொன்னது. "ஆமி சுட்டது." எல்லாருக்கும் அப்படித்தான் சொன்னேன். மொன்றியலில் கோப்பை கழுவிய இடத்தில். கல்கரியில் இறைச்சி வெட்டிய இடத்தில். முப்பத்தைந்து வருடம். சொல்வது சுலபம். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

இன்று மிதுலா கேட்டாள். இங்கே பிறந்த பிள்ளை. விபரங்களைக் கொம்பியூட்டரில் பதிகிறவள்.

"அங்கிள், டேட் தெரியுமா? அண்ணளவா சொன்னாலும் ஓகே."

அண்ணளவு தேவையில்லை. எனக்குச் சரியாகத் தெரிந்தது அந்த ஒரு நாள்தான். பங்குனி, வளர்பிறைத் திருதியை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கோயிலுக்குப் போகிறவனும் இல்லை. ஆனால் எந்த நகரத்தில் இருந்தாலும், கடையில் சும்மா கொடுக்கிற தமிழ்க் கலண்டரில் அந்தத் திதியைத் தேடி வட்டம் போடுவேன். அன்றைக்கு மச்ச மாமிசம் இல்லை. ஒரு நேரச் சோறு. அவ்வளவுதான் செய்கிறேன்.

சொன்னேன். தொண்ணூறாம் ஆண்டு, பங்குனி, மார்ச் மாதக் கடைசி வியாழக்கிழமை. அவள் திரையில் எதையோ தேடினாள். நிமிர்ந்தாள்.

"பட் அங்கிள், அதுக்கு முதல் சட்டர்டேயே அந்த ஆமிக்காரர் எல்லாரும் போட்டினமே. லாஸ்ட் ஷிப்."

அறையில் ஹீற்றர் சத்தம். டக். டக். டக்.

ஓம். போய்விட்டார்கள். சனிக்கிழமை. கப்பல் மூன்று தரம் ஊதுகிறது. நான் கரையில் நின்று கை தட்டுகிறேன். அண்ணன் தட்டவில்லை. அவருக்கு இடது காது கேட்காது. முதல் முறை பிடித்தபோது அந்த ஆமி துவக்குப் பிடியால் அடித்தது. அடித்த பிறகுதான் அவர் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிறவர் என்று அவர்களுக்குத் தெரிந்தது. முகாமில் பம்ப் பழுது. நாளைக்கு ஏழு மணிக்கு வா என்றார்கள். வராவிட்டால் நாங்கள் வருவோம் என்றார்கள். பதினொரு மாதம் போனார்.

போகிற கிழமை அவர்கள் ஒரு கடிதம் கொடுத்தார்கள். ஆங்கிலம். தட்டச்சு. கீழே முத்திரை. சமைத்தவருக்கும் அதே கடிதம். உடுப்புத் தோய்த்தவருக்கும் அதே கடிதம். பெயர் மட்டும் பேனாவால். எங்கள் வீட்டில் அதை வாசிக்க ஆள் இல்லை. அம்மா அடுப்பில் போடச் சொன்னா. நான் விடவில்லை. வெளிநாட்டு முத்திரை. டுபாயில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அண்ணன் போனால் பிறகு என்னைக் கூப்பிடுவார். எனக்கு இருபது வயது. ஊரில் இருப்புக் கொள்ளவில்லை.

விண்ணப்பத்துக்கு மூலத்தை அனுப்பக்கூடாது. போட்டோக் கொப்பி எடுத்து, சமாதான நீதவானிடம் கையொப்பம் வாங்க வேண்டும். ஊரில் எல்லாரும் செய்வது அதுதான். செவ்வாய்க்கிழமை காலை கடிதத்தை டவுனுக்குக் கொண்டுபோனேன். நான்கு கொப்பி. கடையில் சனம். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் என் தோளுக்கு மேலால் வாசித்தார். நல்ல கடிதமோ என்று நான்தான் கேட்டேன்.

"நல்ல கடிதம்தான், தம்பி. வீடு எந்தப் பக்கம்?"

சொன்னேன். கோயிலடி, இரண்டாவது ஒழுங்கை.

வியாழக்கிழமை. பின்னேரம் நாலே கால். மூன்று சைக்கிள்கள். துவக்கு வைத்திருந்த எங்கள் பெடியள். ஒருவன் அடுத்த தெரு. கடிதத்தைக் கேட்டான். அண்ணனே எடுத்துக் கொடுத்தார். அவன் அதை வாசித்துத் தமிழில் சொன்னான். இவர் படையினருக்குச் சகல ஒத்துழைப்பும் வழங்கினார். பம்ப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

"உள்ளுக்குப் போங்கோ! ஒருத்தரும் வெளியில வராதையுங்கோ!"

அண்ணனைக் கொண்டுபோனார்கள். குளக்கட்டுப் பக்கம் இரண்டு வெடிச் சத்தம். ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் ஒரு மூச்சு நேரம். பிறகு நாய்கள்.

இவ்வளவையும் மிதுலாவிடம் சொன்னேன். அவள் எழுதவில்லை. தவம் அண்ணை கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய அக்கா அந்த வெளிநாட்டு ஆமி அடித்த செல் குண்டில் செத்தவ. அவவின் பெயர் பட்டியலில் மேலே இருக்கிறது.

"அவங்கள் வராட்டி அந்தக் கடிதம் ஏது? மாசியெண்டு போடு, அப்ப ஆமி இருந்தது. ஒரு மாசம்தானே. பேர் நிக்கும்."

"திதி மாறிப்போகும் அண்ணை."

"உனக்கென்ன விசரே? பதாகையில ஆரடா திதி பாக்கப்போறான்? இதைச் சொன்னியெண்டால் நாளைக்கு ஒருத்தன் கேப்பான், அப்ப ஆமி இருந்திருக்கலாமே எண்டு."

நாளைவரை போகவில்லை. மிதுலாவே கேட்டாள்.

"அப்ப அவை போயிருக்கக் கூடாதெண்டு சொல்லுறீங்களா, அங்கிள்?"

இல்லை. போகத்தான் வேண்டும். அன்றைக்கும் அதுதான் என் கதை, இன்றைக்கும் அதுதான். அடுத்தவன் வீட்டுப் படலையில் துவக்கோடு நிற்கிறவன் போகத்தான் வேண்டும். பதினொரு மாதம் காலை ஏழு மணிக்கு அண்ணன் எந்த முகத்தோடு போனார் என்று பார்த்தவன் நான். ஆனால் அவர்கள் சனிக்கிழமை போனார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு யார் பொறுப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. போனவர்களும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கை தட்டினோம். அவர்கள் போனால் சமாதானம் என்று அந்தப் பதாகையில் எழுதுங்கள். நானும் பிடிக்கிறேன். அண்ணன் செத்த நாளை மட்டும் மாற்றாதீர்கள்.

அப்படித்தான் சொன்னேன். தவம் அண்ணை மாசி என்றே நின்றார்.

"அப்ப பேரை எடு, பிள்ளை" என்றேன்.

அவள் எடுத்தாள். கீழே இருந்த பெயர் ஒரு வரி மேலே ஏறியது. அதைப் பார்த்துவிட்டு எழுந்தேன்.

நடக்கிறேன். எல்ஸ்மியர் வீதி தாண்டியாயிற்று. நெடுஞ்சாலைப் பாலம். லொறிகளின் இரைச்சல்.

அந்த வருடம் ஆனி மாதமும் நடந்தோம். அப்பா, அம்மா, நான். சண்டை திரும்பவும் தொடங்கியிருந்தது. இந்த முறை நாட்டு ஆமி. காட்டுப் பாதை. மேலே ஹெலி. மூன்று சுற்று.

"படுங்கோ! படுங்கோ!"

படுத்தோம். அப்பாவுக்கு முழங்கால் மடங்காது. நின்றார். அன்றைக்கு அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் வீதியில் மறித்தார்கள். ஆண்களைப் பிரித்தார்கள். என்னை வலது பக்கம். அப்பாவை இடது பக்கம். இடது பக்கத்தாரை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். பிறகு ஒரு செய்தியும் இல்லை. அவர் எந்த நாள் செத்தார் என்று தெரியாது. அவருக்குக் கலண்டரில் வட்டம் போட நாள் இல்லை. அதனால்தான் மாசி என்று போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தவம் அண்ணையிடம் இதைச் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

இழந்தது இவ்வளவு. அண்ணன், சின்னத்தம்பி நேசராசா, இருபத்தாறு. சுட்டது எங்கள் ஆட்கள். காட்டிக் கொடுத்த கடிதத்தைக் கொப்பி எடுத்தது நான். அப்பா, ஐம்பத்தெட்டு. நாட்டு ஆமி கொண்டுபோனது. நாள் தெரியாது. அம்மா, அகதி முகாமில், காய்ச்சல், அதே வருடம் மார்கழி. ஒரு கல்வீடு. ஒரு கிணறு. இரண்டு ஆடு. பம்ப் திருத்தும் சாமான்கள் ஒரு பெட்டி. பட்டியலில் ஒரு பெயர்.

ஸ்டீல்ஸ் வீதிக்கு வரும்போது ஐந்து மணி. மில்லிக்கனில் ஒரு மரக்கறி மொத்தக் கடையின் கண்ணாடியில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்தது. உள்ளே போய்க் கேட்டேன். காலமை ஆறரைக்கு வரச் சொன்னார்கள்.

மறுநாள் காலமை ஆறு இருபதுக்குப் போனேன். வெங்காய மூட்டை இறக்குகிற வேலை. மேற்பார்வை பார்ப்பவர் நாற்பது வயது மட்டில் ஒரு தமிழர்.

"முதுகு நோ ஒண்டும் இல்லையே, அண்ணை?"

"இல்லை."

"இன்னும் ரெண்டு பேர் தேவை. உங்களுக்கு அண்ணன் தம்பி ஆரும் இருக்கினமே?"

"ஒரு அண்ணன் இருந்தவர். ஆமி போன பிறகு எங்கட ஆக்கள் சுட்டவங்கள்."

அவர் ஒரு சோடிக் கையுறையை எடுத்து நீட்டினார்.

"கையுறையைப் போடுங்கோ, அண்ணை. சாக்கு கையைக் கிழிக்கும்."

போட்டேன். முதல் மூட்டையை இறக்கினேன்.