பேருந்து நிறுத்தம் வரை கூட வருபவருக்கு

கல்லியோயார்வி நகர நீர் வழங்கல் அலுவலகத்தின் முகப்பு மேசைக்கு முகமாய் விளங்கியவரே! வருபவரை வரவேற்க எத்தனையோ பேர் உண்டு. கிளம்புபவரோடு தாமும் கிளம்பும் ஒரே அலுவலரே! முழங்கால் பனியிலும் முன்வைத்த காலைப் பின்வைக்காத ஐலா கோர்ப்பி அம்மையாரே! வணக்கம்.

தங்கள் தந்தையார் கிணறு வெட்டப் போன தான்சானியக் கடற்கரையில், லிண்டி என்ற ஊரில், தாங்கள் வளர்ந்தீர்கள். அங்கே விருந்தாளி எழுந்தால் வீட்டுக்காரரும் எழுவார். பேசிக்கொண்டே பாதி வழி கூடப் போவார். பதினாறு வயதில் பின்லாந்து திரும்பியபோது வெயிலை அங்கேயே விட்டுவிட்டு, இந்தப் பழக்கத்தை மட்டும் கொண்டுவந்துவிட்டீர்கள். எங்கள் ஊரிலோ, பேருந்து நிறுத்தத்தில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஒரு படகை நிறுத்தும் அளவு இடம் விடுவதே நல்லொழுக்கம்!

வேலைக்கு வந்த முதல் வாரமே, கட்டணம் பற்றிக் கேட்டுவிட்டுக் கிளம்பிய படகுக்காரர் வெய்க்கோவுடன் தாங்களும் எழுந்தீர்கள்.

“என்னம்மா, எனக்கு வழி தெரியாதா? நான் பொறந்ததே இந்த ஊர்லதான்” என்றார் அவர்.

“தெரியும்ங்க. வழி காட்ட வரல. நீங்க கெளம்புறீங்களேன்னு வர்றேன்.”

மிரண்டுபோன வெய்க்கோ அடுத்த நிறுத்தத்துக்கு ஓடினார், தாங்களும் விடவில்லை. நீர் அலுவலகம் ஆள் வைத்துப் பின்தொடர்கிறது என்று ஊரே பேசியது. மீட்டரைத் திருகி வைத்திருந்த பெருமகனார் ஒருவர், தேவாலயத்தைத் தாண்டுவதற்குள், யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்!

அப்போதைய மேலாளர் பென்ட்டி அவர்களுக்குப் பொறுக்கவில்லை. “நாற்காலிய விட்டு எழுந்தா உங்களுக்கு இங்க வேலை இல்ல” என்று உத்தரவு போட்டார். தாங்கள் எழவில்லை. ஆனால் அதற்குள் ஊர் கெட்டுப்போயிருந்தது! வந்தவர்கள் வேலை முடிந்ததும் கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்து, குல்லாயைக் கையில் பிடித்தபடி தங்களையே பார்த்து நின்றார்கள். வாய் திறந்து கேட்பது எங்கள் வழக்கமில்லை, சும்மா நின்றார்கள். உள்ளே பனி விழுந்தது. வாசல் தொட்டியிலிருந்த செடி செத்தது. மூன்றாம் வாரம், கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த பென்ட்டி அலறினார்: “ஐலா, அந்தாளக் கொண்டுபோய் விட்டுட்டு வாங்கம்மா! கதவச் சாத்தணும்!”

அந்த ஆள் வெய்க்கோ.

அன்றிலிருந்து தாங்கள் கொண்டுபோய் விடாதவர் இவ்வூரில் இல்லை. எங்களில் ஒருவர் மனைவியை அடக்கம் செய்துவிட்டு வேலைக்குத் திரும்பிய மாலைகளில், ஒரு வார்த்தை இல்லாமல் அவர் வீடுவரை நடந்தீர்கள். லிண்டியில் கற்றது கூட நடப்பது. பேசாமல் நடப்பதை எங்களிடம் கற்றீர்கள்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. மாலையில் தாங்கள் கிளம்பும்போது எங்களில் ஒருவரும் ஒருநாளும் எழுந்ததில்லை. தலையை மட்டும் ஆட்டினோம். இன்று பணி ஓய்வு பெறப்போகும் தாங்கள், நேற்றுக் காப்பி வேளையில்கூட, “எனக்காக யாரும் எழுந்திரிக்காதீங்க. உங்களுக்குக் கூச்சமா இருக்கும். நான் சத்தமில்லாமப் போயிடறேன்” என்றீர்கள்.

தாங்கள் சொன்னதில் இதை மட்டும் நாங்கள் கேட்பதாக இல்லை.

இம்மடலைக் கோட்டும் பூட்ஸும் மாட்டிக்கொண்டுதான் வாசிக்கிறோம். தங்கள் வீடு ஏரிக்கு அக்கரையில். பாதி வழி எங்கே முடிகிறது என்பதில் குழாய்ப் பிரிவுக்கும் மீட்டர் பிரிவுக்கும் தகராறு தீரவில்லை. ஆகவே தங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வருகிறோம். ஊன்றுகோலோடு பென்ட்டியும் வெளியே காத்திருக்கிறார். பேசுவோம் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

நோய் நொடியின்றி, கால் தளராமல் நெடுங்காலம் நடங்கள், அம்மையீர்! ஒரே ஒரு வேண்டுகோள்: தங்களை விட்டுவிட்டு நாங்கள் திரும்பும்போது, எங்களைக் கொண்டுவிடுகிறேன் என்று மறுபடி கிளம்பிவிடக் கூடாது.

கிளம்பினால், பாதி வழி வரை மட்டும்.

குல்லாய் அணிந்து காத்திருக்கும்
நீர் வழங்கல் அலுவலக ஊழியர்கள்
(கதவைச் சாத்திவிட்டோம்)